வவுச்சருக்கு ஒரு வயது: எங்கள் தணிக்கை அலுவலகம் கொண்டாடிய பிறந்த நாள்

அலுவலகத்தில் வளரும் நாய்க்கு முதல் பிறந்த நாள் வருகிறது, அதை அலுவலகத்துக்கே உரிய நகைச்சுவையோடும் நாய்க்குத் துன்பம் இல்லாமலும் எப்படிக் கொண்டாடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், பழைய வீடு ஒன்றை அலுவலகமாக மாற்றி நடத்தப்படும் ஒரு தணிக்கை அலுவலகத்தில் நான் கணக்காளராக இருக்கிறேன். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி நாங்களும் எங்கள் அலுவலக நாய் வவுச்சருக்கு இப்படி ஒரு பிறந்த நாளைக் கொண்டாடினோம். அன்று செய்தவற்றையும், பேசி முடிவெடுத்து விட்டுவிட்டவற்றையும் எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் எங்களிடம் வந்தது 2023 செப்டம்பர் மூன்றாம் வாரத்தில். வரித் தணிக்கை அறிக்கைகளை அந்த மாதம் 30ஆம் தேதிக்குள் பதிவேற்றியாக வேண்டும் என்பதால், செப்டம்பரில் எங்கள் அலுவலகத்தில் விளக்கு அணைவது நள்ளிரவுக்குப் பிறகுதான். அப்படி ஓர் இரவில் தேநீர் வாங்கப் போன பயிற்சி மாணவன் ஒருவன், சாக்கடை ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டியை, அச்சுக் காகிதம் வந்த அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். பெண் குட்டி என்பதால் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். காலையில் வந்து பார்த்தபோது பெட்டி காலியாகக் கிடந்தது. குட்டியோ சரிபார்த்துக் கட்டி வைத்திருந்த வவுச்சர் கட்டின் மேல், அதாவது செலவுச் சீட்டுக் கட்டின் மேல், சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. வேறு பெயர் தேட வேண்டிய தேவை எங்களுக்கு வரவில்லை. அவள் குரைப்பதும் 'வவ்' என்றே தொடங்குவதால், தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறாள் என்று சமையலறை அக்கா இன்றும் சொல்வார்.

அவளை வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சு வந்தபோது, மும்பையில் டாட்டா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸ் 2018இல் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது அங்கே வழக்கமாக வந்து தங்கும் தெரு நாய்களுக்கென்று தனி அறையே ஒதுக்கப்பட்ட செய்தியை, அந்த மாணவன் அச்செடுத்து ஆடிட்டர் சாரின் மேசையில் வைத்தான். அதைப் படித்த அவர், "டாட்டாவுக்கு இடம் இருக்குது கண்ணு, நமக்கு எங்க இருக்குது?" என்று கேட்டார். அன்று மாலையே பின்கட்டுத் திண்ணையில் கிடந்த பழைய கோப்புகளை ஒழித்துத் தரச் சொன்னவரும் அவர்தான்.

தெருவில் கிடைத்த குட்டிக்குப் பிறந்த நாளை எப்படிக் குறிப்பது என்று நீங்களும் யோசிக்கக்கூடும். அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, மருத்துவர் அவளுடைய பால் பற்களையும் எடையையும் பார்த்து ஏழு வாரம் இருக்கும் என்றார். நாய்க்குட்டிகளுக்கு மூன்றாவது வாரம் முதல் பால் பற்கள் முளைத்து, நான்காவது மாதத்தை ஒட்டி விழத் தொடங்கும் என்பதால், குட்டிப் பருவத்தில் இந்த மதிப்பீடு ஓரளவு நெருக்கமாகவே அமையும். பின்னோக்கி எண்ணினால் ஜூலை கடைசியும் ஆகஸ்ட் தொடக்கமும் வந்தன. தணிக்கை தேவைப்படாத பெரும்பாலோருக்கு அப்போது ஜூலை 31தான் வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். அன்று எங்களில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்க முடியாது. ஆகவே அதற்கு மறுநாள், அலுவலகம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விடும் ஆகஸ்ட் முதல் தேதியையே அவளுடைய பிறந்த நாளாக எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டோம். உங்கள் அலுவலகத்துக்கும் இப்படி ஓய்ந்து உட்காரும் நாள் ஒன்று இருக்கும். நாயின் உண்மையான நாள் தெரியாவிட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

நகைச்சுவைக்கு வருகிறேன். வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வேடிக்கையைவிட, தினமும் நாம் உழலும் வேலையிலிருந்தே எழும் வேடிக்கைதான் அலுவலகத்தில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். எங்களுடைய முதல் வேடிக்கை பிறந்த நாளுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிட்டது. வவுச்சருக்கு எடை கூடுகிறது, தின்பண்டத்தைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாளொன்றுக்கு ஐந்து நாய் பிஸ்கட் என்பது அதுவரை இருந்த வழக்கம். ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு மாணவன், "சார், இவளுக்கு பான் கார்டு இல்லீங்களே, இருபது பர்சன்ட் பிடிக்கணுமில்லீங்களா?" என்று கேட்டான். பான் எண் தராதவருக்குக் கொடுக்கும் தொகையில் பொதுவாக 20 விழுக்காடு டி.டி.எஸ்., அதாவது மூலத்திலேயே கழிக்கும் வரி, பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் அன்றாடம் வரும் விதி. அதன்படி ஐந்து பிஸ்கட்டில் ஒன்று பிடிக்கப்பட்டு, 'வவுச்சர் – பிடித்தம்' என்று எழுதிய காற்றுப் புகாத டப்பாவில் சேர்ந்தது. பதிவேடு திறக்கப்பட்டது. ஜூன், ஜூலை இரண்டு மாதங்களின் வேலை நாட்களில் 53 பிஸ்கட்டுகள் சேர்ந்திருந்தன. பிறந்த நாளன்று அது முழுவதையும் ரீஃபண்டாகத் திருப்பித் தருவது என்று ஆணை பிறப்பித்தோம். வரித் துறை தரும் அதே அரை விழுக்காடு மாத வட்டியைத் தாராளமாகக் கணக்கிட்டதில் அரை பிஸ்கட்டுக்குச் சற்றே கூடுதலாக வந்தது, அதை ஒரு முழு பிஸ்கட்டாக ஆக்கினோம். ஒரே நாளில் அத்தனையும் தின்றால் வயிறு கெடும் என்பதால், நாளுக்கு ஒன்று என்று தவணையில் வழங்குவதாகவும் ஆணையிலேயே எழுதியிருந்தது. அந்த வேடிக்கையால் அவளுக்கு நடந்த நன்மை, மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டை அலுவலகத்தில் ஒருவர்கூட மீறவில்லை என்பதுதான். பதிவேட்டில் கணக்கு இடிக்கும் என்ற பயம் எங்களுக்கு இரத்தத்தில் ஊறியது.

அடுத்தது தணிக்கை அறிக்கை. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எழுதியவர் நாய்களுக்கு அஞ்சுகிறவர்.

எங்கள் பயிற்சி மாணவிகளில் ஒருவருக்குச் சிறு வயதில் சொந்த ஊரில் கெண்டைக்காலில் நாய் கடித்து, வெறிநாய்க்கடிக்கான ஊசிகள் எல்லாம் போட வேண்டி வந்திருக்கிறது. வவுச்சர் வந்த முதல் வாரம் முழுவதும் அவர் நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை செய்தார். நாய் வளர்க்கும் வீடுகளில் விருந்தாளியிடம் சொல்லப்படும் "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்ற வார்த்தையை நாங்களும் அவரிடம் நாளுக்குப் பத்து முறை சொன்னோம். ஒருநாள் அவர் என்னிடம் தனியாக வந்து, "ஒண்ணும் பண்ணாதுன்னு உங்களுக்குத் தெரியுதுங்க அக்கா, என் காலுக்குத் தெரியலீங்களே" என்றார். அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. அன்றே ஆடிட்டர் சாரிடம் பேசினேன். முன் ஹாலுக்கும் பின்கட்டுக்கும் இடையே இடுப்பு உயர மரக் கதவு ஒன்று போடப்பட்டது. வேலை நேரத்தில் வவுச்சர் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பாள், அவளைப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அந்த வார்த்தையை இனி யாரும் சொல்லக் கூடாது என்றும் முடிவு செய்தோம். அலுவலகத்தில் நாய் வளர்க்கிற ஒவ்வொருவரும் இதை முதலில் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வாய்விட்டுச் சொல்லத் தயங்கி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர் உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருக்கக்கூடும்.

பிறந்த நாள் பேச்சு வந்தபோது, உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் வேண்டாம் என்று அவரிடம் முதலில் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ரிப்போர்ட்டை நான் எழுதட்டுமுங்களா?" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தபோதுதான் புரிந்தது. அச்சத்தின் காரணமாகவே, அந்தப் பத்து மாதமும் வவுச்சரை எங்கள் எல்லோரையும்விடக் கூர்ந்து கவனித்து வந்தவர் அவர். எந்த நேரத்தில் தூங்குவாள், எந்த வண்டிச் சத்தத்துக்கு எழுவாள், எதை எங்கே புதைப்பாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

அறிக்கை எங்கள் வழக்கமான மொழியிலேயே தொடங்கியது. "வவுச்சர் அவர்களின் 2024 ஜூலை 31ஆம் நாளுடன் முடிவடைந்த முதலாம் ஆண்டுக் கணக்குகளை நாங்கள் தணிக்கை செய்துள்ளோம். தணிக்கைக்குத் தேவையான தகவல்களும் விளக்கங்களும் வாலசைவின் மூலம் எங்களுக்கு முழுமையாக அளிக்கப்பட்டன." நிலைச் சொத்துகள் பகுதியில் ஒரு துணிப் பந்து, ஒரு பாய், ஒற்றைக் காலுறை ஆகியவை பட்டியலிடப்பட்டிருந்தன. பந்து செம்பருத்திச் செடிக்கு அடியில் புதைக்கப்பட்டிருந்ததால், நிர்வாகம் மண்ணைத் தோண்டி நேரடிச் சரிபார்ப்பு நடத்தியது என்ற குறிப்பும் இருந்தது. பிஸ்கட் இறுதிச் சரக்கிருப்பு எந்த முறையில் மதிப்பிட்டாலும் சுழியம். மர நாற்காலிக்கு வருமான வரி விதிகள் அனுமதிக்கும் ஆண்டுத் தேய்மானம் 10 விழுக்காடு. பின்கட்டு நாற்காலியின் முன்னங்காலில் அதற்கும் மேலான தேய்மானம் காணப்படுவதாகவும், அது பால் பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைத்த காலத்தைச் சேர்ந்தது என்பதால் மீண்டும் நிகழ வாய்ப்பில்லை என்றும் எழுதியிருந்தார்.

எல்லோரையும் கண்ணீர் வரச் சிரிக்க வைத்தது உறவுடைய நபர்களுடனான பரிவர்த்தனை பற்றிய பத்தி. உறவுள்ளவர்களுக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல், வெளியாட்களிடம் நடப்பது போன்ற விலையில் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்க 'ஆர்ம்ஸ் லெங்த்', அதாவது ஒரு கை நீளம், என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவோம். "சமையலறை அக்காவுடன் நாள்தோறும் காலை 9.15 மணிக்கு நடைபெறும் அவித்த முட்டைப் பரிவர்த்தனை, அவர் கை நீட்டிக் கொடுத்து இவர் வாங்கிக்கொள்வதால், எப்போதும் ஒரு கை நீளத்திலேயே நடைபெறுகிறது என்று சான்றளிக்கிறோம்." இதை எழுதியவர் அந்தக் கை நீளத்தை மரக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் அளந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே எல்லோரோடும் சேர்ந்து சிரித்தபோதே எனக்குத் தொண்டை அடைத்தது.

அறிக்கையின் கீழே கையெழுத்துக்குப் பதிலாக வவுச்சரின் பாதத் தடம் இருந்தது. நாங்கள் கையெழுத்திடும் சான்றுகளுக்கும் அறிக்கைகளுக்கும் யூ.டி.ஐ.என். என்ற 18 இலக்கத் தனி அடையாள எண்ணைப் பெற வேண்டும் என்பதால், தடத்தின் அருகே 'நான்கு விரல், ஓர் உள்ளங்கால், எண் தேவையில்லை' என்று குறித்திருந்தார். தடம் எடுக்க மை வேண்டாம் என்று மட்டும் நான் தடுத்தேன். நாய் பாதத்தை நக்கும். தண்ணீரில் கரைத்த மஞ்சளைத் தொட்டு வைத்து, உடனே ஈரத் துணியால் துடைத்துவிட்டோம்.

வேடிக்கைகளில் இரண்டை நாங்கள் விட்டுவிட்டோம். வவுச்சர் நாள் தவறாமல் அலுவலகத்தில் இருக்கிறாள் என்பதால், அவளுடைய வருகைப் பதிவேட்டையும் நேரம் தவறி வருகிறவர்களுடைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அடிக்கடி தாமதமாக வருகிறவர் வீட்டில் படுக்கையில் இருக்கும் தாயைக் கவனித்துவிட்டு வருகிறவர் என்பது சிலருக்கே தெரியும். அதை வெளியே சொல்லாமல், வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். இன்னொன்று கணினி பற்றியது. அமேசான் நிறுவனத்தின் தொடக்க நாட்களில் ரூஃபஸ் என்ற கார்கி இன நாயின் பாதத்தால் சுட்டியை அழுத்தச் செய்து புதிய இணையப் பக்கங்களை வெளியிட்டார்கள் என்று படித்த மாணவன், கடைசி வரிக் கணக்கை வவுச்சரின் பாதத்தால் சமர்ப்பிக்கலாம் என்றான். அந்தக் கணக்கு ஒரு வாடிக்கையாளர் நம்பி ஒப்படைத்த பொருள் என்பதால் ஆடிட்டர் சார் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பதிலாக அவளுடைய சொந்தத் தணிக்கை அறிக்கையை அச்சிடும் பொத்தானை அழுத்தும் பெருமையை அவளுக்குக் கொடுத்தோம்.

உணவு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். கடையில் வாங்கும் கேக் நாய்க்கு உரியதன்று. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறும், அதனால் நஞ்சாகிவிடும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும், வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கப்படும் சில பண்டங்களில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இன்னும் கொடியது. எங்கள் அக்கா, வெந்த கோழி இறைச்சி, மசித்த பரங்கிக்காய், துருவிய கேரட், கொஞ்சம் சோறு, ஒரு முட்டை எல்லாவற்றையும் உப்பில்லாமல் பிசைந்து, இட்லித் தட்டில் ஊற்றி அவித்துக் கொண்டுவந்தார். அலுவலகத்துக்குள் அசைவம் கொண்டுவருவதில்லை என்பது எங்கள் வழக்கம் என்பதால், அவர் தன் வீட்டிலேயே அதைச் சமைத்து, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து முற்றத்திலேயே பரிமாறினார். நான்கு இட்லிகளை அடுக்கி வைத்ததுதான் கேக். அதில் இரண்டு மட்டுமே அன்றைக்கு, மற்ற இரண்டு மறுநாளைக்கு. மனிதர்களுக்குத் தனியாக மைசூர்பாகும் காராபூந்தியும் வாங்கி, அவளுக்கு எட்டாத முன் ஹாலில் வைத்துச் சாப்பிட்டோம்.

பலூன் வேண்டாம் என்பதில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். 2023 தீபாவளிக்கு முந்தைய நாட்களில் தெருவில் வெடித்த பட்டாசுக்கு நடுங்கி, கோப்பு அலமாரியின் அடியில் புகுந்துகொண்ட வவுச்சர் மாலை வரை வெளியே வரவே இல்லை. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும் ஒலி, நாய்க்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் கேட்கும். பலூன் வெடிப்பதும் காகிதத் துகள் சிதறும் வெடிக்குழாயும் நமக்கு ஒரு நொடி வேடிக்கை, அவளுக்கு ஒரு நாள் கலக்கம். மெழுகுவத்தி, தொப்பி, உடை எதுவும் இல்லை. திருப்பூரில் பின்னலாடை தொழில் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய பனியன் வேஸ்ட் துணிகளை உறையில் அடைத்துத் தைத்த மெத்தைதான் அவளுக்குக் கிடைத்த பரிசு.

மாலை நாலரை மணிக்கு முற்றத்தில் கூடினோம். கையைத் தட்டாமல் மெல்லிய குரலில் வாழ்த்துப் பாடினோம். ஆடிட்டர் சார், பட்டயக் கணக்காளர் படிப்பின் பயிற்சிக் காலம் 2023 ஜூலை முதல் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டதை நினைவூட்டி, வவுச்சர் தன் பயிற்சியில் சரிபாதியை முடித்துவிட்டதாக அறிவித்துச் சான்றிதழ் ஒன்றை வாசித்தார். நாயின் ஒரு வயது மனிதரின் ஏழு வயது என்று சொல்வது சரியன்று, முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 15 வயது வளர்ச்சியை அது எட்டிவிடும் என்று நான் சொன்னேன். அப்படியானால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வேண்டிய வயதில் வேலைக்கு வைத்திருக்கிறோமே என்று மாணவர்கள் கவலைப்பட்டார்கள்.

பிறகு ரீஃபண்டின் முதல் தவணை. அதை யார் கொடுப்பது என்று பேசி வைக்கவில்லை. அறிக்கை எழுதிய மாணவி டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். மரக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, கதவின் மேல் விளிம்பில் அதை வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்தார். வவுச்சர் முன்னங்கால்களைக் கதவில் ஊன்றி எழுந்து, மெதுவாக அதைக் கவ்விக்கொண்டு இறங்கினாள். யாரும் கை தட்டவில்லை, படமும் எடுக்கவில்லை. அவரைக் கூச வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். நாலே முக்காலுக்கெல்லாம் கொண்டாட்டம் முடிந்தது. அவள் புது மெத்தையை மூன்று முறை சுற்றிவிட்டு, அதன் மேல் படுக்காமல் அதன் பக்கத்தில் தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

கடைசியாக, உங்கள் நாயின் பிறந்த நாளோடு சேர்த்துத் தடுப்பூசிப் பதிவையும் எடுத்துப் பாருங்கள். வவுச்சருக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கியது. மருத்துவர் சொன்னபடி ஆண்டுதோறும் அதைப் போட வேண்டும். எங்கள் சுவர் நாள்காட்டியில் டி.டி.எஸ். கட்டும் 7ஆம் தேதிக்கும், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளுக்கும் போடும் அதே சிவப்பு வட்டத்தை அவளுடைய ஊசித் தேதிக்கும் போட்டிருக்கிறோம். அந்த வட்டத்தைப் போடும் பொறுப்பை அந்த மாணவியே ஏற்றுக்கொண்டார். பயிற்சி முடிந்து போகும்போது அதை யாரிடம் ஒப்படைப்பது என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.